சமையற்காரன் இல்லாத கப்பல்

அமெரிக்க நாவல் ஒன்றை நாடகமாகப் போடலாம் என்று முதலில் சொன்னவர் அர்ஜுனன். எங்கள் நாடக மன்றத்தின் தலைவர் அவர்; காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருந்தார். அந்த நாவலை அவர் படித்ததில்லை, படிக்கப்போவதும் இல்லை. அதைப் படித்து, காட்சி காட்சியாகப் பிரித்து, தமிழில் வசனம் எழுதி, பிரதி எடுத்து, நடிகர்களின் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது காரியதரிசியின் வேலை. காரியதரிசி நான்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதி முடிக்காமல் வீட்டுக்குக் கிளம்புகிற வழக்கம் எனக்கில்லை. அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் மன்றத்தில் இந்தப் பதவியை என் தலையில் கட்டினார்கள். அந்த வழக்கத்தால்தான் இந்த நாவலிலும் மாட்டிக்கொண்டேன்.

அறுபத்தெட்டாம் வருஷம். கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதுவதற்காக ஓர் அமெரிக்கப் பேராசிரியர் காஞ்சிபுரத்தில் வந்து தங்கியிருந்தார். அர்ஜுனன் கடையில் மனைவிக்கு ஒரு புடவையும் மாமியாருக்கு ஒரு புடவையும் எடுத்தார். பேரமே பேசவில்லை. அந்த மயக்கத்தில் அர்ஜுனன் அவரை எங்கள் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க அழைத்துவிட்டார்.

"சாமி கதை போட்டா அவருக்கு என்னா புரியும்? அவங்க ஊரு கதையே போடுவோம் மயிலு. மனுசன் அசந்துபூடுவாரு" என்றார் என்னிடம்.

மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறை வரும் அமெரிக்க நூலக வண்டியில் அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்திருக்கும் பெருநாவல் என்று அட்டையில் போட்டிருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சித்திரை முழுவதும் படித்தேன்.

கதை இதுதான். அடிமை முறை இருந்த காலம். ஒரு காப்டன், வடகடலில் காணாமல்போன தன் அண்ணனைத் தேடிக் கப்பலில் புறப்படுகிறான். எஜமானனிடமிருந்து தப்பி ஓடிவந்த ஒரு நீக்ரோ அடிமை அந்தக் கப்பலில் ஒளிந்திருக்கிறான். காப்டன் அவனைப் பிடித்துக் கொடுக்காமல் சமையற்காரனாக வைத்துக்கொள்கிறான். பனிப்பாறையில் மோதிக் கப்பல் உடைகிறது. பனி வெளியில் பட்டினி கிடக்கும்போது காப்டன் தன்னிடமிருந்த கடைசி பிஸ்கட்டைச் சமையற்காரனுக்குக் கொடுக்கிறான். எப்படியோ தப்பி ஊர் திரும்புகிறார்கள். அடிமையைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். காட்டிக்கொடுப்பதா, பொய் சொல்வதா என்று காப்டனின் மனச்சாட்சி நாற்பது பக்கம் தவிக்கிறது. அதற்குள் சமையற்காரன் காய்ச்சல் வந்து தானாகவே செத்துப்போகிறான். காப்டன் கடற்கரையில் நின்று சூரிய உதயத்தைப் பார்க்கிறான். முற்றும்.

படித்து முடித்தபோது எனக்கும் கண் கலங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. எரிச்சல் எல்லாம் பிறகுதான் வந்தது.

அர்ஜுனன் கடையின் பின்கட்டில் வேஷம் பிரிக்கக் கூடினோம். அரிசி மண்டி கண்ணாயிரம் வந்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "காப்டன் தொப்பி எங்க வாடகைக்கு எடுக்கறோம்?" என்றான். சிவந்த நிறம், சுருட்டை முடி. எங்கள் மன்றத்தில் ராமன், முருகன், போலீஸ் இன்ஸ்பெக்டர் எல்லாம் அவன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் எழுந்ததில்லை.

அன்றைக்கு எழுந்தது.

"காப்டன் வேஷம் எனக்கு வேணும்" என்றார் தேவசகாயம்.

தேவசகாயம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். ஐயம்பேட்டைக்கு அப்பால் காலனியில் வீடு. மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குத் தபால்காரன், சேவகன் என்று வந்தோம் போனோம் வேஷங்கள்தான். மற்ற நேரத்தில் திரைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் வசனம் எடுத்துக் கொடுப்பார். கண்ணாயிரம் மறந்த வசனமெல்லாம் அவர் குரலில்தான் முதலில் கேட்கும். கண்டாமணி போன்ற குரல்.

அர்ஜுனன் சிரித்துச் சமாளித்தார். "வாத்தியாரே, உங்களுக்குன்னே ஒரு வேஷம் இருக்குதே. சமையக்காரன். எல்லா சீன்லயும் வரான். சாவு சீன் கூட இருக்குது."

"அது எனக்குன்னே எப்படி வந்துது?"

கண்ணாயிரம்தான் பெருந்தன்மையோடு விளக்கினான். "கோச்சிக்காதீங்க வாத்தியாரே. பொருத்தம்னு ஒண்ணு இருக்குதில்ல? காப்டன் வெள்ளைக்காரன்."

"நீங்க வெள்ளைக்காரரா?"

துணை மாலுமி வேஷத்துக்கு வந்திருந்த பழனி பக்கென்று சிரித்துவிட்டு, கண்ணாயிரம் திரும்பியதும் அதை இருமலாக்கிக்கொண்டான்.

"காப்டன் இல்லேன்னா எனக்கு வேஷமே வாணாம். முன்னால உக்காந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு தேவசகாயம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வசனம் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

சமையற்காரன் வேஷத்தைப் பழனியிடம் நீட்டினோம். "எனக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கறாங்கபா. மூஞ்சில கரி பூசிக்கினு நின்னா, கல்யாணத்தன்னிக்கும் அவங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்" என்றான். அவன் மட்டுமல்ல, தறி வேலை செய்கிற இருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், யாரும் தொடவில்லை. எஜமானனாகவோ ஆள்பிடிக்கிற ரௌடியாகவோ வர எல்லோரும் தயார்.

அர்ஜுனன் தீர்ப்பு சொன்னார். "அந்த வேஷத்தையே எடுத்துடு மயிலு. சமையக்காரன்தானே? கப்பல்ல சமையக்காரன் இல்லேன்னு எவன் கேக்கப்போறான்?"

எனக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய் சிவப்பு மசியில் அடிக்க ஆரம்பித்தேன்.

முதல் காட்சியிலேயே சங்கடம். காப்டன் இரக்கமுள்ளவன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிவது, ஒளிந்திருந்தவனைப் பிடித்துக் கொடுக்காமல் விட்டதனால். ஒளிந்திருப்பவன் இல்லையென்றால் காப்டன் மேடைக்கு வந்து சுருட்டுப் பிடித்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். புயல் காட்சியில் காப்டன் பயந்து அழுகிறான். சமையற்காரன் எதிரில் மட்டும்தான் அழுகிறான்; அவனை ஒரு சாட்சியாகவே காப்டன் எண்ணாததால் வெட்கமில்லை. அதே அழுகையைத் துணை மாலுமி எதிரில் வைத்தேன். காப்டன் ஒரே நிமிஷத்தில் கோழையாகிவிட்டான்.

பிஸ்கட் காட்சி ஒத்திகையில் பழனி முறைத்துக்கொண்டான். "எனக்கு எதுக்குக் குடுக்கறாரு? நான் என்னா கையேந்திக்கினா இருக்கறேன்? நானும் ஆபீசருதானே? நீயே துன்னுன்னு சொல்லிடுவேன்."

சரி, பிஸ்கட் வாங்குகிற ஆள் மேடையில் தெரியாத மாதிரி வைப்போம் என்று ஒரு முக்காலியைப் போட்டேன். கண்ணாயிரம் அதன் முன்னால் முழங்கால் போட்டு, கண்ணில் நீர் வர, "இதை நீ உண்! நான் பசி அறியேன்!" என்று நீட்டினான். முக்காலி சும்மா இருந்தது. பக்கத்துச் சாயப் பட்டறை ஆட்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, அதுக்கு டீயும் ஊத்துங்க" என்றார்கள்.

கடைசிக் காட்சி இன்னும் மோசம்.

"யோவ் காரியதரிசி, நான் எதுக்குய்யா இந்த சீன்ல அழுவறேன்?"

"மனச்சாட்சி உறுத்துது."

"அதுக்கு என்னா கேடு வந்துது? நான்தான் யாருக்கும் ஒண்ணும் பண்லியே!"

காட்டிக்கொடுக்கத்தான் ஆளே இல்லையே! ஊடை இழையையெல்லாம் உருவிவிட்டு, தொங்குகிற பாவு நூலைக் காட்டி, இது புடவை என்று விற்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது நாடகம். அவன் துணைப் பாத்திரமாம்! கப்பலில் ஒரு பலகைகூட அவனில்லாமல் நிற்கவில்லை.

கோபத்தோடு நாவலைத் திரும்ப எடுத்தேன். முதல் தடவை கதையைப் படித்தேன். இந்தத் தடவை சமையற்காரனை மட்டும் படித்தேன். அவனுக்குப் பெயர் கிடையாது. "அறைக்குள் ஒருவன் வந்தான்" என்று ஆசிரியர் எழுதினால் அவன் வெள்ளைக்காரன். அதைச் சொல்லவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. சமையற்காரன் வரும்போது மட்டும், வருகிற ஒவ்வொரு தடவையும், கறுப்பு என்று எழுதுகிறார். போன பக்கத்தில் கறுப்பாக இருந்தவன் இந்தப் பக்கத்துக்குள் வெளுத்துவிடுவானோ என்று பயம் போலும். சாகும்போது அவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் புலம்புகிறான். அவள் யார் என்று காப்டன் கேட்கவில்லை. எழுதியவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இருவருக்கும் காப்டனின் மனச்சாட்சியைப் பற்றித்தான் கவலை.

முறைப்படி நூலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒன்று: சமையற்காரனின் பெயர் வேறு பதிப்பு எதிலாவது உண்டா? இரண்டு: அந்தப் பெண் அவனுக்கு மனைவியா, மகளா? பத்து நாளில் பதில் வந்தது. என் ஆர்வத்தைப் பாராட்டி, கேள்வி இரண்டையும் விட்டுவிட்டு, ஓர் அமெரிக்க அறிஞர் எழுதிய ஆராய்ச்சிச் சிறுநூலை இலவசமாக இணைத்திருந்தார்கள். சுதந்திர மனிதனின் மாபெரும் தனிமையைச் சொல்வதே இந்த நாவல் என்றது சிறுநூல். இது எல்லா மனிதருக்கும் பொதுவான கதை என்றது. சமையற்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை.

தனிமையாம்! கப்பல் உடைந்த நாளிலிருந்து ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அர்ஜுனனைப் போலவே அந்த அறிஞரும் அவனை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு மேடையேற்றிப் பார்க்கவேண்டிய தலையெழுத்து மட்டும் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவசகாயம் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அம்சா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். காப்டன் உள்ளதான் கீறாரு" என்றாள்.

"காப்டனா?"

"பின்ன? ரெண்டு வாரமா அவருகூடத்தான் குடித்தனம். ஒரு கொடம் தண்ணி எடுத்தாயான்னா, 'பாயை இறக்கு, நங்கூரத்தைத் தூக்கு'ன்றாரு. பக்கத்து வூட்ல கேக்கறாங்க, வாத்தியாருக்கு மந்திரிக்கணுமான்னு."

வேண்டாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன மனிதர் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தார். வெட்கத்தோடு வெளியே வந்தார். அம்சா டீ கொண்டுவந்தாள். குடித்தேன். முக்காலி கதையைச் சொன்னதும் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், சமையக்காரன் இல்லாம நாடகம் நிக்காது. நீங்கதான் வரணும்."

தேவசகாயத்தின் சிரிப்பு நின்றது. "நான் அத போட்டா எல்லாரும் கை தட்டுவாங்க சார். அச்சு அசல்னு சொல்லுவாங்க. ஆனா நடிச்சதுக்குத் தட்டமாட்டாங்க. இருந்ததுக்குத் தட்டுவாங்க. அதுக்கு எதுக்கு நான் ஒத்திகைக்கு வரணும்?"

நான் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, காப்டனோட நெறம் எந்தப் பக்கத்துல எழுதியிருக்குது? காட்டுங்க."

"எங்கயும் இல்ல. ஆனா எல்லாருக்கும் தெரியுமே சார்."

"அதேதான் சார்! சொல்லாமலே தெரியறவன் காப்டன். சொல்லிச் சொல்லிக் காட்டறவன் சமையக்காரன். நம்ம வாரப் பத்திரிகைக் கதையைத்தான் பாருங்களேன். 'ஒருவன் வந்தான்'னு எழுதியிருந்தா, எங்க ஆளா வரான்? எங்க ஆளு வந்தா மட்டும் எந்தத் தெருவுலேர்ந்து வரான்னு மொத வரியிலயே போட்டுடுவாங்க. அந்த அமெரிக்காக்காரரு கண்ணுக்கு நீங்க, நான், கண்ணாயிரம், எல்லாரும் ஒரே கறுப்புதான். எல்லாரும் பவுடர் பூசித்தான் காப்டன் ஆவணும். பூசறதுதான் பூசறோம், என் மூஞ்சில பூசினா ஒட்டாதா?"

எனக்கு அலுப்பாக இருந்தது. அவர் சொன்னது தப்பு என்று எங்காவது பிடித்துக்கொள்ள முடிந்திருந்தால் அலுப்பு வந்திருக்காது. "அப்ப சமையக்காரன் யாரு?" என்றேன்.

பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே அம்சா சொன்னாள்: "ஏன், காரியதரிசி சாருக்கு என்னா கொறச்சல்? வசனமெல்லாம் அவரு எழுதனதுதானே."

இப்படித்தான் அந்த வேஷம் எனக்கு வந்து சேர்ந்தது.

மன்றத்தில் பெரிய ரகளை ஆகும் என்று எதிர்பார்த்துப் போனேன். கண்ணாயிரமே காப்டன் பதவியைத் தூக்கி எறிந்தான். "இந்த அழுவாச்சி வேஷம் எனக்கு வாணாம்பா. முக்காலிக்கு பிஸ்கட்டு ஊட்டறேன்னு மண்டியில மூட்டை தூக்கறவன் கூட சிரிக்கறான். ஆள் புடிக்க வரானே, துப்பாக்கி வெச்சிக்கினு, அத குடு." பெரிய மீசையும் துப்பாக்கியும் கிடைத்ததும் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

அர்ஜுனனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு காட்சியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "அவரு நாற்காலியில, நீ தரையில?" ஆமாம். "அவரு பூட்ஸை நீ கழட்டணுமா?" ஆமாம். பிஸ்கட் காட்சி வந்ததும் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"மயிலு, ஊரே பாக்கும். வாங்கற மாதிரி வாங்கி இடுப்புல சொருவிக்கோ. துன்னாத."

"அவன் பட்டினி கெடக்கறவன் அண்ணே. வாங்கி இடுப்புல சொருவுவானா?"

"அவன் சொருவமாட்டான். நீ சொருவு."

ஓரம் கட்டியது பெயருக்குத்தான். பின்கட்டு முழுவதும் கேட்டது. தேவசகாயம் தொப்பியைத் தலையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி வைத்துக்கொண்டார். தின்பீர்களா என்று கேட்கவில்லை. அதன்பிறகு ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் வெறும் கையை நீட்டுவார். நான் வெறும் கையால் வாங்குவேன். வாங்கிய பிறகு என்ன என்பது தொங்கலிலேயே இருந்தது.

விஷயம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மாவின் பெயர் செல்லியம்மாள்; சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"எவன் கையால எது வேணாலும் துன்னு. காப்பி கிளப்புல எவன் தோசை சுடறான்னு நான் கேட்டனா? மேடை ஏறித் துன்னாத."

"கிளப்புல துன்னா போவாத மானம் மேடையில எப்படிம்மா போவும்?"

"கிளப்புல நான் முன்னால உக்காந்து பாக்கறதில்ல."

விழா நாள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. முன்வரிசையில் மாலையும் கழுத்துமாகப் பேராசிரியர். அவருக்குப் பின்னால் கடைக்காரர்கள், சங்கத்து ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், என் அம்மா. கடைசியில், சுவரோரம், காலனி ஜனங்கள் நின்றார்கள். உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காரும்படியும் யாரும் சொல்லவில்லை.

ஒப்பனைக்கு வீராசாமி. கூத்துக்கும் நாடகத்துக்கும் முப்பது வருஷமாக முகம் எழுதுகிறவர். முதலில் தேவசகாயத்தை உட்காரவைத்து முத்துவெள்ளையும் சிவப்பும் குழைத்து ரோஜாப்பூ நிறத்தில் இழுத்தார். அடுத்து நான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், மூடிக்கொண்டேன். கையில் வசனத்தை வைத்துக்கொண்டு மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததில் என்ன பூசுகிறார் என்று கவனிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், கண்ணாடியில் நானும் ரோஜாப்பூ.

"யோவ்! நான் சமையக்காரன்யா! நீக்ரோ!"

"இருக்கட்டும்பா" என்றார், சாவதானமாக. "எல்லா சீன்லயும் நீதான் நிக்கற. வோல்டேஜ் படுத்துக்கினு இருக்குது. எவன் மேடையில ரொம்ப நேரம் நிக்கறானோ அவனுக்கு வெள்ளை பூசணும். இல்லேன்னா மூஞ்சி தெரியாது."

"கதையே அதுதான்யா!"

"கதை காதால கேப்பாங்க. மூஞ்சி கண்ணாலதானே பாக்கணும்?"

துடைக்க நேரமில்லை. மணி அடித்துவிட்டார்கள். அமெரிக்கப் பெருநாவலின் நிறமெல்லாம் வீராசாமியின் கிண்ணத்தில் கரைந்துபோக, வெள்ளைக் காப்டனும் வெள்ளைச் சமையற்காரனும் கப்பல் ஏறினோம்.

நாடகம் மோசமில்லை. தேவசகாயத்தின் குரலுக்கு மைக்கே தேவைப்படவில்லை. புயல் காட்சியில் பெண்கள் உச் கொட்டினார்கள். நான் அவர் பூட்ஸைக் கழற்றியபோது முன்பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கண்ணாயிரத்தின் மீசைக்காகத் தயாராக வைத்திருந்த விசிலைச் சிலர் முன்கூட்டியே அடித்தார்கள்.

பிறகு பனி வெளி. தரையில் பஞ்சு. தேவசகாயம் கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்.

அதுவரை கடலை தின்றுகொண்டிருந்த மைதானம் தின்பதை நிறுத்தியது. அங்கே யாருக்கும் காப்டன் தெரியவில்லை, சமையற்காரன் தெரியவில்லை. எத்தனை வெள்ளை பூசியிருந்தாலும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் கொடுப்பவனுக்குப் பெருமையாக இருந்த காரியம் இங்கே வாங்குபவனுக்கு விவகாரமாகிவிட்டது. பக்கத் திரையோரம் அர்ஜுனன் தன் இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதை நீ உண். நான் பசி அறியேன்."

அடுத்தது என் வசனம். எனக்கு மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் யாருமில்லை. எடுத்துக் கொடுப்பவர்தான் எதிரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே!

"மயிலு, வாணாம்டா" என்று முன்வரிசைப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். அம்மா குரல் இல்லை.

எனக்கு வந்தது வீரமல்ல. எரிச்சல்தான். சித்திரையிலிருந்து இந்த ஒரு பிஸ்கட்டுக்காக நான் பட்ட பாடு! முக்காலி, சிவப்பு மசி, சிறுநூல், இடுப்பு, கிளப்பு! வாங்கினேன். கடித்தேன்.

ஒரே மாவு. வாயில் ஒட்டிக்கொண்டது; உதட்டு முத்துவெள்ளை வேறு அதோடு சேர்ந்துகொண்டது. விழுங்க முடியவில்லை. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், "உமக்கும் பசிதானே, காப்டன்" என்று அவரிடமே நீட்டினேன். நாவலில் அப்படி ஒரு வரி கிடையாது. நான் எழுதிய வசனத்திலும் கிடையாது. தேவசகாயம் வாங்கித் தின்றார். அத்தோடு காப்டனின் பெருந்தன்மை பாதி குறைந்துபோயிற்று. பனியில் பசியோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

சுவரோரம் முதலில் கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாயின. அம்மா எழுந்திருக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியர்வையா, வேறெதுவுமா, கேட்டால் சொல்லமாட்டாள்.

முடிவில் பேராசிரியர் தலைமை உரை ஆற்றினார். மொழிபெயர்க்கக் காப்டன் வேஷத்தோடேயே தேவசகாயம் மைக் முன்னால் நின்றார். அவரைவிட்டால் ஆங்கிலம் பேச ஆளில்லை. பேராசிரியர் பத்து நிமிஷம் பேசினார். காப்டனின் மாபெரும் தனிமையை இவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்கள் இத்தனை ஆழமாக உணர்ந்தது வியப்பு என்றார். இது நிறம் கடந்த கதை என்றார். அப்புறம் என்னைக் காட்டிச் சிரித்து, மூலத்தில் வரும் நீக்ரோ சமையற்காரனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காப்டனுக்கு ஒரு வெள்ளைக்கார நண்பனை வைத்தது நல்ல யோசனை, அந்தச் சமையற்காரன் கதைக்கு அவசியமில்லாதவன்தான் என்றார்.

தேவசகாயம் மொழிபெயர்ப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"கப்பல்ல சமையக்காரரு யாருமே இல்லேன்னு ஐயா சொல்றாரு. நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"

சுவரோரத்திலிருந்து ஒரு பெண் குரல், அம்சாவாகத்தான் இருக்கவேண்டும், "பாத்தமே! பிஸ்கட்டு துன்னாரே!" என்றது. நடுவரிசையில் சிரிப்பு. "பூட்ஸு கழட்டனாரே!" என்றது இன்னொரு குரல். "செத்தாரே!" என்றான் கண்ணாயிரம், திரைக்குப் பின்னாலிருந்து, மீசையைப் பிடித்துக்கொண்டு. மைதானமே கை தட்டியது.

தன் பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று பேராசிரியர் எழுந்து கை கூப்பினார்.

இறங்கி வரும்போது தேவசகாயம் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். உதட்டோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. "பிஸ்கட்டு நமுத்துப்போச்சு சார். அடுத்த தடவ புது பாக்கெட்டா பாத்து வாங்குங்க" என்றார்.

அடுத்த தடவையாம்!